விடலை: பருவம் குறித்த ஒரு பழஞ்சொல்

பள்ளி வயதுக் காதலை மென்மையாகச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லும் படங்களை ஆங்கிலத்தில் 'கமிங் ஆஃப் ஏஜ்' வகையில் சேர்ப்பார்கள். இந்த வகைக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம்? இதை அப்படியே 'வயதுக்கு வரும் படம்' என்று பெயர்த்தால் பொருள் கெட்டுவிடும். நம் பேச்சில் வயதுக்கு வருவது பெண் பூப்பெய்துவது. ஆங்கிலத் தொடரோ சட்டம் சார்ந்தது. சொத்தாளவும் ஒப்பந்தம் செய்யவும் உரிய வயதை எட்டுவது. இங்கிலாந்தில் அந்த வயது 21 ஆக இருந்து, 1970இல் 18 ஆனது.

'டீனேஜ்' என்பதற்குப் 'பதின்பருவம்' என்ற சொல் பரவிவிட்டது. நல்ல முயற்சிதான், ஆனால் கணக்கு இடிக்கிறது. ஆங்கிலத்தில் 13 முதல் 19 வரையுள்ள எண்களின் பெயர்கள் எல்லாம் 'டீன்' என்றே முடியும். தமிழில் 'பதின்' பதினொன்றிலேயே தொடங்கிவிடுகிறது. 19 பத்தொன்பதாகி விலகி நிற்கிறது. 'வளரிளம் பருவம்' பாடநூலுக்கும் சுகாதாரத் துறைக்கும் பொருந்தும். காதலுக்குச் சற்று விறைப்பு.

என் மனம் 'விடலை'யிடம்தான் போகிறது. குறுந்தொகையின் 15ஆம் பாட்டில் ஔவையார், உடன்போக்கில், அதாவது வீட்டைவிட்டுச் சேர்ந்து, சென்ற காதலர் இருவரை 'வெள்வேல் விடலை' என்றும் 'தொகுவளை முன்கை மடந்தை' என்றும் சொல்கிறார். பாலை நிலத் தலைவனுக்கும் விடலை என்றே பெயர். செய்யுள் வகைகளின் இலக்கணம் சொல்லும் பாட்டியல் நூலார் ஆண்களின் பருவங்களை வகுக்கும்போது 16 வயதுக்காரனைக் காளை என்கிறார்கள். அதைத் தாண்டி 30 வரை விடலை, அதற்கு மேல் முதுமகன். அன்றைய விடலை வேல் ஏந்திய முழு இளைஞன். இன்றோ சொல் கீழிறங்கி அரும்பு மீசைப் பையனிடம் வந்து நின்றுவிட்டது. 'விடலைப் பசங்க' என்னும்போது கொஞ்சம் ஏளனமும் ஒட்டிக்கொள்கிறது. அது எனக்கு வருத்தம்தான்.

'விடு' என்ற அடியிலிருந்தே சொல் பிறந்திருக்க வேண்டும் என்று எண்ணுகிறேன்: கட்டவிழ்த்து விடப்பட்டது. கோயில் வாசலில் ஓங்கி எறிந்து உடைக்கும் சிதறுகாயைச் சில ஊர்களில் 'விடலை' என்பதும் இதனால்தான் போலும். காளைமாடு என்ற பொருளையும் அகராதிகள் தருகின்றன. இங்கே ஓர் அழகான ஒற்றுமை இருக்கிறது. அறியா வயதுக் காதலை ஆங்கிலத்தில் 'காஃப் லவ்' என்பார்கள். கன்றுக் காதல்! அவர்களும் நாமும் தொழுவத்திலிருந்தே சொல் எடுத்திருக்கிறோம்.

இந்த வகைக்கு நான் முதலில் காட்டும் படம், பில் ஃபோர்சைத் இயக்கி 1981இல் வந்த 'கிரெகரிஸ் கேர்ள்'. ஸ்காட்லாந்தின் கம்பர்னால்ட் என்ற புதுநகரில் நடக்கும் கதை. நெடுநெடுவென வளர்ந்த கிரெகரி, பள்ளிக் கால்பந்து அணியில் தன் இடத்தைப் பிடித்துக்கொண்ட டோரதி மீதே காதல் கொள்கிறான். அவளுக்காகக் கடிகாரத்தடியில் காத்திருக்கிறான், வருவதோ வேறொருத்தி. வந்தவள் அவனை இன்னொருத்தியிடம் சேர்க்க, அந்த இன்னொருத்தி கடைசியாக சூசன் என்ற பெண்ணிடம் கொண்டுபோய் விடுகிறாள். கிரெகரியும் சூசனும் புல்வெளியில் படுத்தபடியே கைகளை மட்டும் ஆட்டி நடனமாடுகிறார்கள். எவரும் எவரையும் புண்படுத்துவதில்லை. அதே 1981இல் தமிழில் வந்த 'பன்னீர் புஷ்பங்கள்' ஊட்டிப் பள்ளியில் நடக்கும் விடலைக் காதல். அதன் தொனி வேறு, கனம் கூடியது.

ஒரு குறை உண்டு. விடலை ஆண்பாற்சொல். கிரெகரியின் கதையில்கூட எல்லாவற்றையும் தீர்மானிப்பவர்கள் பெண்கள்தாம். அவர்களுக்குரிய பழஞ்சொல் ஔவையார் பாட்டிலேயே இருக்கிறது: மடந்தை. நூல்கள் அதற்குச் சொல்லும் வயது 14 முதல் 19 வரை. 'டீனேஜ்' பெண்ணுக்கு இதைவிட நெருங்கிய சொல் நமக்கு இல்லை. ஆகவே பையனைச் சுற்றி நகரும் படத்தை 'விடலைப் பருவப் படம்' என்றும், பெண்ணைச் சுற்றி நகர்வதை 'மடந்தைப் பருவப் படம்' என்றும் எழுதலாம். இருவருக்கும் பொதுவாக ஒரு பெயர் வேண்டுமானால், கணக்கு இடித்தாலும், 'பதின்பருவப் படம்' இருக்கட்டும்.