வால்பாறை பஸ் எப்படி இறங்குகிறது?

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு ஏறக்குறைய 65 கிலோமீட்டர். ஆழியாறு அணையைத் தாண்டியதும் மலைப்பாதை தொடங்கிவிடும். மொத்தம் 40 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். 9வது வளைவில் இருக்கும் லோம்ஸ் வியூ என்ற காட்சிமுனையில் நின்று பார்த்தால், அணையின் நீர்ப்பரப்பும் நாம் ஏறி வந்த சாலையும் மடிப்பு மடிப்பாகக் கீழே கிடக்கும். அதிர்ஷ்டம் இருந்தால் பாறை விளிம்பில் வரையாடு மேய்வதையும் பார்க்கலாம். ஏறும்போது ஜன்னலைத் தவிர வேறெதையும் பார்க்கத் தோன்றாது, பார்க்கவும் வேண்டாம். திரும்பி இறங்கும்போது மட்டும் டிரைவரின் காலையும் கையையும் கொஞ்ச நேரம் கவனியுங்கள். இந்தப் பயணத்தின் கடினமான வேலை அங்கேதான் நடக்கிறது.

முதலில் சாலை. மலைப்பகுதிச் சாலைகள் பொதுவாக 20 மீட்டர் போனால் 1 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது என்பது இந்தியச் சாலைப் பொறியியலின் நெறி. அந்தக் கணக்கில் 1,000 மீட்டர் உயரம் ஏற 20 கிலோமீட்டர் சாலை வேண்டும். மலையின் ஒரே முகத்தில் அவ்வளவு நீளத்துக்கு இடம் ஏது? அதனால்தான் சாலையை மடக்கி மடக்கி மேலே கொண்டுபோகிறார்கள். வளைவில் மட்டும் சரிவு இன்னும் குறைந்து, 40 மீட்டருக்கு 1 மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்கிறது அதே நெறி.

இதற்குக் காரணம் இருக்கிறது. கொண்டை ஊசி வளைவில் சாலையின் உள்விளிம்பும் வெளிவிளிம்பும் ஒரே அளவு உயரம்தான் ஏறுகின்றன. ஆனால் உள்விளிம்பின் நீளம் மிகக் குறைவு. உள்ளே 6 மீட்டர் ஆரம், வெளியே 12 மீட்டர் ஆரம் என்றால், உள்பக்கம் வெளிப்பக்கத்தைப்போல் இரு மடங்கு செங்குத்து. நம் ஊரில் இடப்பக்கம் ஓட்டுகிறோம். எனவே இடதுபுறம் திரும்பும் வளைவில் ஏறுகிற பஸ்ஸுக்கு வாய்ப்பது அந்தச் செங்குத்தான உள்பக்கம்.

அங்கே இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் போகாது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடைவெளி 5 மீட்டர், முன்சக்கரம் போகும் வட்டத்தின் ஆரம் 12 மீட்டர் என்று வையுங்கள். பின்சக்கரம் 1 மீட்டருக்குச் சற்று மேலேயே உள்ளே தள்ளி உருளும். டிரைவர் வளைவுக்கு முன்பே வலது ஓரம்வரை ஒதுங்கி, சாலை முழுவதையும் எடுத்துக்கொண்டு திருப்புவது இதனால்தான். மேலிருந்து வரும் கார்க்காரர் அந்த நேரத்தில் ஹாரன் அடிப்பதில் அர்த்தமில்லை. மலைச்சாலையில் ஏறும் வண்டிக்கே முன்னுரிமை என்பது விதி, அது நியாயமான விதியும்கூட. நிறைந்த பஸ் அந்த இடத்தில் நின்றுபோனால், மறுபடி நகர்த்த கிளட்ச் தேய வேண்டும்.

இனி இறக்கம். பயணிகளோடு 15 டன் எடையுள்ள பஸ் 1,000 மீட்டர் உயரத்தில் நிற்கிறது என்றால், அந்த உயரம் என்பது சேமித்து வைத்த ஆற்றல். கணக்குப் போட்டால் சுமார் 147 மெகாஜூல், அதாவது 41 யூனிட் மின்சாரம். ஏறும்போது இதை டீசல் எரித்துக் கொடுத்தோம். இறங்கும்போது அத்தனையும் எங்காவது போயாக வேண்டும், இல்லையென்றால் அது வேகமாக மாறும். அதில் ஒரு பங்கை டயரின் உராய்வும் காற்றின் தடையும் எடுத்துக்கொள்ளும். மீதியையெல்லாம் பிரேக்கே வாங்கினால் என்ன ஆகும்? 41 யூனிட் என்பது 450 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான வெப்பம். அவ்வளவும் சக்கரத்தோடு சுழலும் சில இரும்பு பிரேக் டிரம்களுக்குள் இறங்குவதாக நினைத்துப் பாருங்கள்.

டிரம் சூடானால் விரியும், உள்ளிருந்து அதை அழுத்தி நிறுத்தும் உராய்வுப் பட்டையான லைனிங்கைவிட்டு விலகும். லைனிங் அதைத் தொட இன்னும் அதிக தூரம் நகர வேண்டும். காற்றழுத்தத்தில் வேலை செய்யும் ஏர் பிரேக்கில் அந்த நகர்வுக்கு ஓர் எல்லை உண்டு. அதோடு, அளவு மீறிச் சூடான லைனிங்கின் பிடிமானமும் குறையும். கருகல் வாசனை முதல் எச்சரிக்கை. அதன்பின் பெடலை எவ்வளவு மிதித்தாலும் வண்டி கேட்காத நிலை வரும்.

“எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு” என்று மலைப்பாதை டிரைவர்கள் சொல்வது இதைத் தவிர்க்கத்தான். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால் இன்ஜினுக்கு டீசல் போவது நின்றுவிடும். இப்போது சக்கரங்கள்தான் இன்ஜினைச் சுழற்றுகின்றன. சின்ன கியரில் இன்ஜின் வேகமாகச் சுழல, அதன் உராய்வே பஸ்ஸைப் பின்னுக்கு இழுக்கிறது. டீசல் இன்ஜினில் இது மட்டும் போதாது. காற்றை அழுத்தச் செலவான ஆற்றலில் பெரும்பகுதியை, அந்தக் காற்று விரியும்போது பிஸ்டனுக்கே திருப்பிக் கொடுத்துவிடும். அதனால் எக்ஸாஸ்ட் பிரேக் என்று ஒன்றை வைத்தார்கள். புகைக்குழாயில் இருக்கும் ஒரு தகடு மூடிக்கொள்ளும், வெளியேற முடியாத காற்றைப் பிஸ்டன்கள் முக்கித் தள்ளும். இறக்கத்தில் இன்ஜின் அடித்தொண்டையில் உறுமுவது அந்தச் சத்தம். வெப்பம் டிரம்மில் தங்காமல் புகைக்குழாய் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் வெளியே போய்விடுகிறது.

டீசல் மிச்சம் என்று நினைத்து நியூட்ரலில் விடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கோபம் வருகிற அளவுக்குத் தவறான பழக்கம் இது. கியரில் இறங்கும்போது டீசல் செலவே இல்லை. நியூட்ரலில்தான் இன்ஜின் தானாக ஓட டீசல் குடிக்கிறது. இன்ஜினையே அணைத்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். பிரேக்குக்குக் காற்று அடைக்கும் கம்ப்ரஸர் அந்த இன்ஜினில்தான் ஓடுகிறது. ஒவ்வொரு மிதிக்கும் டேங்கிலிருந்து கொஞ்சம் காற்று போகும், நிரப்ப ஆளிருக்காது.

உயரத்தை மெல்ல மெல்லச் செலவழிக்கும் இதே வேலையை ஜன்னலுக்கு வெளியே தேயிலைத் தோட்டமும் செய்கிறது. செடி வரிசைகள் மேலிருந்து கீழாக ஓடாமல், பெரும்பாலும் சரிவுக்குக் குறுக்கே, ஒரே உயரத்தில் மலையைச் சுற்றிப் போகும். இடையிடையே அதே போக்கில் சிறு வாய்க்கால்கள். தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்க்கும் ஊர் வால்பாறை. அந்த நீர் நேராகப் பாய்ந்தால் மேல்மண்ணை அள்ளிக்கொண்டு ஆழியாறுக்கோ சோலையாறுக்கோ போய்விடும். வரிசைக்கு வரிசை தடுக்கப்படும்போது அதன் வேகம் செத்து, ஒரு பகுதி மண்ணுக்குள்ளேயே இறங்குகிறது.

மின்சார பஸ் இந்தக் கணக்கையே மாற்றிவிடும். இறக்கத்தில் மோட்டாரே ஜெனரேட்டராகி, அந்த 41 யூனிட்டில் கணிசமான பங்கைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும். ஆனால் அதற்குப் பேட்டரியில் இடம் இருக்க வேண்டும். வால்பாறையில் முழுதாகச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு கிளம்பும் பஸ்ஸில் திரும்பி வரும் மின்சாரத்துக்கு இடமிருக்காது. சுமை மறுபடி பிரேக் டிரம்மில்தான் விழும். ஆகவே நிறைய சார்ஜ் ஏற்றும் இடம் அடிவாரத்தில் இருப்பதே நல்லது.