தூதரோடு எடுத்த படத்தைக் காட்டிப் பணம் கேட்கிறார்களா?

போன வாரமும் 5,000 வெள்ளி போனது. மலேசியாவின் செமினி குடிநுழைவுத் தடுப்பு முகாமில் இருக்கும் கணவரை வெளியே எடுக்க, புதுக்கோட்டைப் பக்கத்துப் பெண் ஒருவர் நகையை அடகு வைத்து இங்குள்ள ஏஜெண்டுக்கு அனுப்பிய பணம். எதை நம்பி அனுப்பினீர்கள் என்று கேட்டேன். "இந்திய ஹைகமிஷனர் பக்கத்துலயே நின்னு போட்டோ எடுத்திருக்காரு மேடம். பெரிய ஆளுன்னு நெனச்சேன்." ஹைகமிஷனர், அதாவது இங்குள்ள இந்தியத் தூதரோடு எடுத்த அந்தப் படத்தை எனக்கும் அனுப்பினார். பின்னால் யோகா தினப் பேனர். அன்றைக்கு வரிசையில் நின்ற எவருக்கும் கிடைத்திருக்கும் படம்.

பிரிக்பீல்ட்ஸில் வழக்கறிஞர் அலுவலகம் வைத்திருப்பவளுக்கு இந்தக் கதை புதிதல்ல. ஆனால் பொறுமைக்கும் ஓர் அளவு உண்டு.

ஓர் அரசு இன்னோர் அரசோடு பேசுவது ஒரு வேலை. அந்த நாட்டு மக்களோடு நேரடியாகப் பேசி, தன் நாட்டின் மேல் ஒரு பிரியத்தை உண்டாக்குவது வேறு வேலை. இந்த இரண்டாவதைத்தான் பொது ராஜதந்திரம் என்கிறார்கள். இங்கே நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் இந்தியக் கலாசார மையத்தில் பாட்டு, நடன வகுப்புகள் நடக்கின்றனவே, அது இந்த வகை. 2015-இல் இரு நாட்டுப் பிரதமர்களும் சேர்ந்து திறந்து வைத்த, இந்தியா அன்பளித்த பிரிக்பீல்ட்ஸ் தோரண வாயிலும் இந்த வகைதான். ஷா ஆலாமில் ஜப்பானியர்களின் போன் ஒடோரி விழாவுக்கு அத்தனை கூட்டம் போகிறது. அங்கே ஆடியவர்களில் யாராவது ஜப்பான் விசா கேட்டு வாதாடுகிறார்களா? கூட்டம் சேர்ப்பதே இந்த விழாக்களின் நோக்கம். தூதர் எல்லாரோடும் சிரித்தபடி நிற்பார், அது அவர் வேலை. கல்யாண வீட்டு வாசலில் பன்னீர் தெளித்தார்கள் என்பதற்காக அந்த வீட்டுச் சொத்தில் பங்கு கேட்க முடியுமா?

அடுத்தது, எனக்குத் தலைவலி தரும் நம்பிக்கை: "தூதரகம் நினைத்தால் ஆளை எடுத்துவிடும்." எடுக்காது. எடுக்க முடியாது. தூதர் நினைத்தாலும், அவருடைய அமைச்சர் நினைத்தாலும், வந்த நாட்டின் சட்டத்தை மதிக்கவேண்டும், அதன் உள்விவகாரத்தில் தலையிடக் கூடாது என்று 1961-இன் வியன்னா உடன்படிக்கை 41-ஆம் விதியில் கட்டிப் போட்டிருக்கிறது. நம் பக்கத்திலிருந்தே பாருங்கள். போதைப்பொருள் வழக்கில் சிங்கப்பூரில் தூக்குத் தண்டனை பெற்ற ஈப்போ நாகேந்திரனுக்காக அப்போதைய நம் பிரதமரே சிங்கப்பூர்ப் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். உலகமே குரல் கொடுத்தது. 2022 ஏப்ரலில் தூக்கு நிறைவேறியது. ஒரு நாட்டுப் பிரதமரின் கடிதத்தால் நடக்காததை, யோகா தினத்தில் படம் எடுத்த ஏஜெண்ட் நடத்திக் காட்டுவாரா?

"தூதரகத்துக்குள் கால் வைத்துவிட்டால் அது இந்திய மண், பிடிக்க முடியாது" என்று சொல்லிக்கொண்டு வருபவர்களும் இருக்கிறார்கள். மண் மலேசிய மண்தான். தூதரகத் தலைவரின் அனுமதி இல்லாமல் உள்ளூர்ப் போலீஸ் நுழையக் கூடாது, அவ்வளவே. விக்கிலீக்ஸ் நிறுவனர் அசாஞ்சே 2012 முதல் 2019 வரை லண்டனில் எக்குவடோர் தூதரகத்துக்குள்ளேயே இருந்தார். கடைசியில் அங்கிருந்துதான் கைதானார். வேலை பெர்மிட் முடிந்தவர் உள்ளே போனாலும் பெர்மிட் முடிந்தவர்தான்.

அப்படியானால் தூதரகத்தால் என்ன பயன்? நிறைய. 1963-இன் வியன்னா உடன்படிக்கை 36-ஆம் விதிப்படி, கைதான வெளிநாட்டவர் கேட்டால் அவருடைய தூதரகத்துக்குத் தாமதமின்றித் தகவல் போகவேண்டும். அதிகாரிகள் முகாமுக்கு வந்து பார்க்கலாம், வழக்கறிஞருக்கு ஏற்பாடு செய்யலாம். பாஸ்போர்ட் இல்லாதவருக்கு, அவர் இந்தியர்தான் என்று சரிபார்த்து, ஊர் திரும்ப ஒருவழி அவசரச் சான்றிதழ் தருவார்கள். கையில் காசே இல்லாதவருக்கு 2009-இல் தொடங்கிய இந்திய சமூக நல நிதியிலிருந்து டிக்கெட்டுக்கும், சில நேரம் சிறு அபராதத்துக்கும்கூட உதவி உண்டு. தண்டனை முடிந்தும் பலர் முகாமிலேயே கிடப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இந்தச் சான்றிதழும் டிக்கெட்டும் இல்லாததுதான். ஏஜெண்டுக்குக் கொடுத்த பணத்தில் இரண்டு டிக்கெட் வாங்கியிருக்கலாம்.

வேலைக்கு வந்திருக்கும் தம்பிகளே, பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தையும் பெர்மிட்டையும் படமெடுத்து இன்றைக்கே வீட்டுக்கு அனுப்பி வையுங்கள். நகல் இருந்தால் சரிபார்ப்பு சீக்கிரம் முடியும். பிடிபட்டால், "என் தூதரகத்துக்குச் சொல்லுங்கள்" என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்காவிட்டால் பல நேரம் யாரும் சொல்வதில்லை. குடும்பத்தாரே, பிடிபட்டவரின் பெயர், பாஸ்போர்ட் எண், பிடித்த தேதி, வைத்திருக்கும் முகாம், இவற்றை எழுதி நீங்களே ஹைகமிஷனுக்கு அனுப்புங்கள். இந்திய வெளியுறவு அமைச்சின் மதத் (MADAD) இணையதளத்திலும் புகார் பதியலாம். நடுவில் ஆள் தேவையில்லை. எந்தக் கட்டணத்துக்கும் ரசீது கேளுங்கள். இன்னொன்று, குடிநுழைவுச் சட்டத்தில் பிடிபட்ட வெளிநாட்டவரை 24 மணி நேரத்தில் அல்ல, 14 நாளுக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தினால் போதும் என்று நம் அரசியலமைப்பே சொல்கிறது. அந்த நாட்களில் தயவுசெய்து பதறிப்போய் யாருக்கும் பணம் அனுப்பாதீர்கள்.

கடைசியாக, இதைப் படிக்கும் உணவகக்காரர்களுக்கும் முடிதிருத்தும் கடைக்காரர்களுக்கும்: தொழிலாளியின் பாஸ்போர்ட்டை மேசை டிராயரில் பூட்டி வைப்பது 1966-ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம். 10,000 வெள்ளி வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை. "பத்திரமா இருக்கட்டுமேன்னு வச்சிருக்கேன் மேடம்" என்று என்னிடம் சொல்ல வேண்டாம். எடுத்துக் கொடுத்துவிடுங்கள்.