கிராப்பு கலையாமல் நிற்பது எப்படி?

வாட்டர் கலர் பிரஷ் ஒன்றை ஒரு டம்ளர் தண்ணீரில் முக்கிப் பாருங்கள். உள்ளே இருக்கும்வரை அதன் முடிகள் விரிந்தே நிற்கும். வெளியே எடுத்ததும் எல்லாம் ஒட்டிக்கொண்டு கூர்முனையாகிவிடும். வெறும் ஈரம்தான் ஒட்டவைக்கிறது என்றால் தண்ணீருக்குள்ளேயே அல்லவா ஒட்டியிருக்க வேண்டும்? வெளியே வந்தபின் முடிகளுக்கு இடையில் சிக்கிய தண்ணீருக்குக் காற்றோடு ஒரு மேற்பரப்பு உண்டாகிறது. அது சுருங்கப் பார்க்கிறது, முடிகளையும் சேர்த்து இழுத்துக்கொள்கிறது. பள்ளியில் பரப்பு இழுவிசை என்று படித்தோமே, அதுதான்.

எண்ணெய் வைத்துப் படிய வாரினால் முடி அடங்குவதும் இதனால்தான். தண்ணீர் சீக்கிரம் காய்ந்துவிடும், எண்ணெய் காயாது. ஆனால் தேங்காய் எண்ணெய் 25 டிகிரி வாக்கில் உருகிவிடும் பொருள். மார்கழிக் காலையில் பாட்டிலுக்குள் உறைந்து கிடந்தாலும் தலைக்கு வந்ததும் திரவம்தான். திரவத்தால் முடியைப் படியவைக்க முடியும், தூக்கி நிறுத்த முடியாது. முன்னால் பஃப் வைக்க ஆசையென்றால் மெழுகு வேண்டும்.

அதற்குத்தான் பொமேட் என்ற தலைமுடிப் பசை. பழைய பாணி பொமேடின் முக்கியச் சரக்கு பெட்ரோலியம் ஜெல்லியும் தேன்மெழுகும். ஜெல்லி உடல் சூட்டுக்கே இளகத் தொடங்கும். தேன்மெழுகு உருக 62 டிகிரிக்கு மேல் வேண்டும். டப்பாவுக்குள் மெழுகின் நுண்படிகங்கள் வலைபோலப் பின்னி, எண்ணெய்ப் பசையைப் பிடித்து வைத்திருக்கின்றன. சுண்டைக்காய் அளவு எடுத்து உள்ளங்கைகளுக்கு நடுவே தேயுங்கள். முதலில் திரிதிரியாக இழுக்கும், சூடேறியதும் வழவழப்பாகிப் பளபளக்கும். அந்தப் பதத்தில்தான் தலையில் தடவ வேண்டும். சீப்பு அழுத்தினால் இடம் கொடுக்கும், கையை எடுத்தால் அப்படியே நிற்கும், வெண்ணெய் மாதிரி. அதனால் மாலையில் மறுபடி வாரினாலும் படியும். ஜெல் அப்படியல்ல. அதிலுள்ள பாலிமர் காய்ந்து முடிமேல் விறைப்பான படலமாகிறது. சீப்பு பட்டால் உடைந்து பொடுகுபோல உதிரும்.

சரி, எதை வாங்குவது? ஒரு மே மாதக் கல்யாணத்துக்கு மலிவான பொமேட் ஒன்றைப் பூசிக்கொண்டு போனேன். முகூர்த்தத்துக்குள் நெற்றியெல்லாம் எண்ணெய், சட்டைக் காலர் வீண். ஜெல்லி அதிகம், மெழுகு குறைவு என்று பிறகுதான் புரிந்தது. கத்திரி வெயிலுக்கு மெழுகு தூக்கலாக இருக்க வேண்டும். அதே டப்பாவை ஊட்டிக்குக் கொண்டுபோனால் நகத்தால் சுரண்டத்தான் வேண்டியிருக்கும். தண்ணீரில் கரையும் புதுவகைப் பொமேட்களை எளிதாகக் கழுவலாம். ஆனால் பிடிமானத்துக்கு அவற்றில் பலவும் நம்பியிருக்கும் பாலிமர் காற்றின் ஈரத்தை உறிஞ்சி இளகிவிடும். கடலோர ஊர்க்காரர்கள் கவனிக்கவும்.

என் ஓட்டு பிரில்கிரீம் என்ற தலைமுடிக் கிரீமுக்குத்தான். 1928இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்தது; இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அந்நாட்டு விமானப்படையினருக்கு ‘பிரில்கிரீம் பையன்கள்’ என்ற கேலிப்பெயரே இருந்தது. தாது எண்ணெயும் தண்ணீரும் பிரிந்துவிடாமல் தேன்மெழுகின் துணையோடு கலந்த பால்மம் அது. நுண்துளிகள் ஒளியைச் சிதறடிப்பதால் டப்பாவில் வெள்ளை, தலையில் தேய்த்ததும் நிறமே தெரியாது. அந்தத் தண்ணீருக்கும் வேலை உண்டு. ஈரம் பட்டால் முடியின் புரதத்திலுள்ள ஹைட்ரஜன் பிணைப்புகள் தளரும். வாரிய வாக்கிலேயே முடி காயும்போது அவை அந்த வடிவத்திலேயே திரும்பவும் பிணையும். பஃப் மட்டும் இதில் நிற்காது.

மெழுகுப் பொமேடைக் கழுவ ஷாம்பூ மட்டும் போதாது. முதலில் தேங்காய் எண்ணெயை ஊறத் தேயுங்கள். எண்ணெய்ப் பசை எண்ணெயில்தான் கரையும். அப்புறம் ஷாம்பூ போடுங்கள், சீயக்காய் என்றாலும் சரி. கழுவாமல் படுத்தால் தலையணை உறைதான் பாவம். 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஆண்கள் மக்காசர் எண்ணெய் தடவிய தலையை நாற்காலியில் சாய்த்துச் சாய்த்துக் கறையாக்கியதால், வீட்டுக்காரர்கள் நாற்காலி முதுகில் துணி விரிக்க ஆரம்பித்தார்கள். சொகுசுப் பேருந்து இருக்கைகளில் தலை சாயும் இடத்தில் இன்றும் போட்டிருக்கும் வெள்ளைத் துணி அதன் வாரிசுதான்.