மெருகேற்றுவதற்கு முன் கேளுங்கள்

பெரம்பூரில் வசிக்கும் ரயில்வே ஓய்வூதியர் ஒருவர் பாட்டனாரின் வேட்டைத் துப்பாக்கிக்கு மதிப்புப் போட்டுத் தரச் சொன்னார். லண்டனில் பாட்டனாரின் தோளுக்கும் கைக்கும் அளவெடுத்துச் செய்த .375 அங்குலக் குழல்விட்ட ரைஃபிள். தந்தை காலமானதும், ஜார்ஜ் டவுனில் உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடம் அதை முறைப்படி ஒப்படைத்திருந்தார். அங்கேயே போய்ப் பார்த்தேன்.

உறையைப் பிரித்ததும் மனம் கனத்துவிட்டது. புதுப் பாத்திரம்போல் மின்னியது. நம் வடசென்னை உப்புக்காற்றில் ஏறிய துருவைப் போக்க, தந்தை தம் கடைசிக் காலத்தில் ஒரு லேத் பட்டறையில் கொடுத்துத் தேய்த்திருக்கிறார். உரிமம் இல்லாதவர் கையில் துப்பாக்கியைக் கொடுப்பதே குற்றம். குழலின் அடியில், சுட்டுச் சோதித்துத் தேறியதற்குக் குத்தும் சோதனை முத்திரை இருக்க வேண்டிய இடத்தில் விரலை ஓட்டினேன், வழுக்கிக்கொண்டு போனது. விளக்கைச் சாய்த்துப் பிடித்து லென்ஸ் வைத்தால்தான் வரிசை எண்ணின் நிழல் தெரிந்தது. துருவோடு வந்திருந்தால் இரு மடங்கு எழுதியிருப்பேன்.

“பாட்டனார் இதற்கு ஒரு வீட்டுக்கான பணத்தைக் கொடுத்தாராம், சார்” என்றார். கொடுத்திருக்கலாம். ஆனால் அளவெடுத்துச் செய்ததில் போட்ட பணம் அப்படியே திரும்பி வராது. ஒருவரின் கைநீளத்துக்குச் செதுக்கிய கட்டை இன்னொருவர் தோளில் உட்காராது. உட்காரவில்லை என்று கட்டையை அறுத்தவர்களையும் கண்டிருக்கிறேன். அந்த அறுப்போடு பாதி மதிப்பு போய்விடும். வெள்ளித் தகட்டில் பொறித்த பெயர் குடும்பத்துக்கு உயிர். வாங்குபவருக்கு அது யாரோ ஒருவருடைய பெயர்.

நான் நேரம் செலவிடுவது குழலின் உட்புறத்தில்தான். தோட்டாவைச் சுழலவைக்கும் மரைப்பள்ளங்களின் விளிம்பு கூராக நிற்கிறதா, அம்மைத் தழும்புபோல் துருக்குழிகள் விழுந்திருக்கின்றனவா என்று பார்ப்பேன். அக்காலத் தோட்டாக்கள் விட்டுச்சென்ற உப்புக் கசடைத் துடைக்காமல் வைத்தால் இரும்பை அரித்துவிடும். வெளிமினுக்கு எவ்வளவு இருந்தாலும் அந்தக் குழிகள் மறையாது.

வாங்க வருபவர்களும் சிலரே. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் வேட்டைக்கென்று யாரும் வாங்குவதில்லை. ஆயுதச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி ஒருவர் இரண்டு துப்பாக்கிகள்தான் வைத்துக்கொள்ளலாம். அதில் ஓர் இடத்தை உங்களுடையதற்குத் தர அவர் மனம் ஒப்ப வேண்டும். தோட்டா கிடைக்குமா என்றும் கேட்பார். உரிமம் உள்ளவர் தம் துப்பாக்கியை நேரடியாக விற்பதானால், வாங்குபவரின் பெயர், முகவரியோடு காவல் நிலையத்துக்கு எழுத்தில் தெரிவித்து 45 நாள் காத்திருக்க வேண்டும். உரிமதாரர் இறந்திருந்தால், முதலில் ஒப்படையுங்கள். விலையைப் பிறகு பேசலாம்.

பெரம்பூர்க்காரர் போன வாரம் மீண்டும் வந்தார். டிரங்குப் பெட்டியின் அடியில் கிடந்த பழைய ரசீதைக் கொண்டுவந்திருந்தார். அதிலிருந்த எண்ணும் லென்ஸில் தெரிந்த நிழலும் ஒத்துப்போயின. செய்த நிறுவனத்தின் பதிவேட்டுக் குறிப்பைக் கேட்டுக் கடிதம் எழுதச் சொல்லியிருக்கிறேன். பதில் வந்தால் என் மதிப்பீட்டைத் திருத்தி எழுதித் தருவேன்.