மேல்மாடி எழும்பும்போது கீழ்வீட்டுக்கு யார் பொறுப்பு?

தை பிறந்து மழை ஓய்ந்ததும் மட்டக்களப்பில் வீட்டு வேலைகள் தொடங்கிவிடும். பழைய ஓட்டுக் கூரையைக் கழற்றி, கொங்கிறீட் போட்டு, மேல்மாடி எழுப்புவதுதான் இப்போது அதிகம். காத்தான்குடி, பக்கத்து அம்பாறை மாவட்டத்துச் சாய்ந்தமருது போன்ற நெருக்கமான ஊர்களில் மேலே போவதைத் தவிர வேறு வழியும் இல்லை. நான் காப்புறுதி நட்ட மதிப்பீட்டாளர். இப்படியான வேலைகளில் சேதம் நடந்த வீடுகளுக்குப் போகும்போது திரும்பத் திரும்பக் காண்பது ஒன்றுதான்: புதுக் கட்டட வேலைக்கும் பொலிசி இருக்கும், பழைய வீட்டுக்கும் பொலிசி இருக்கும். ஆனால் பழைய வீடு உடைந்த அன்று இரண்டுமே கைகொடுக்காது.

வீட்டுக் காப்புறுதி, ஆட்கள் குடியிருக்கிற, கூரையும் கதவும் உள்ள வீட்டை நினைத்துத் தரப்படுவது. வீட்டின் அமைப்பை மாற்றப்போனால் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்ற நிபந்தனை பெரும்பாலான பத்திரங்களில் உண்டு. வேலை முடியும்வரை மாமி வீட்டில் தங்குவோம் என்று போய்விட்டால், தொடர்ந்து 30 நாட்களுக்கு மேல் வீடு ஆளில்லாமல் கிடந்தது என்ற பிரச்சினையும் பல பொலிசிகளில் எழும்.

கல்லடிப் பக்கம் ஒரு வீட்டில் வேலை இழுபட்டு மாரிக்குள் போய்விட்டது. பாதிக் கூரைக்குத் தறப்பாள்தான். ஒரே இரவு மழையில் சீலிங், அலுமாரிகள், வயரிங் எல்லாம் போயின. புயல் முதலில் கூரையைப் பிய்த்து, அந்த வழியாகத் தண்ணீர் வந்திருந்தால் நட்டஈடு கேட்டிருக்கலாம். நாமே கழற்றிய கூரை வழியாக வந்த மழையைப் புயல் சேதமாக ஏற்கமாட்டார்கள். அந்தக் குடும்பத்துக்கு ஒரு சதமும் கிடைக்கவில்லை. 1978 நவம்பர் 23 சூறாவளியை நேரில் கண்ட ஊர் இது. கார்த்திகையில் திறந்த கூரையோடு இருப்பதன் ஆபத்தை எவருக்கும் விளக்கத் தேவையில்லை. ஆனாலும் வேலை பிந்தினால் பொலிசிக்கு என்ன ஆகும் என்று யாரும் கேட்பதில்லை.

அப்புறம், புதுக் கட்டட வேலைக்கான பொலிசி: கொந்தராத்துக்காரரின் ‘ஓல் றிஸ்க்ஸ்’, அதாவது ‘எல்லா ஆபத்துகளும்’. பெயரைக் கேட்டால் எல்லாமே அடங்கும் போலத் தோன்றும். அது அடக்குவது கட்டப்படும் வேலையையும் அதற்கு வந்த பொருட்களையும்தான். வேலையால் வெளியாருக்கு வரும் சேதத்துக்கு, மூன்றாம் தரப்பினருக்கான பிரிவு இருக்கிறதே என்பார்கள். உங்கள் பெயரும் அந்தப் பொலிசியில் சேர்ந்திருந்தால் நீங்கள் மூன்றாம் தரப்பு அல்ல. சேராவிட்டாலும், கொந்தராத்துக்காரரின் பொறுப்பில் விட்ட கட்டடம் அந்தப் பிரிவுக்கு வெளியே நிற்கும். ஆகவே ‘ஏற்கெனவே உள்ள கட்டடம்’ என்று தனியாக, அதற்கென ஒரு தொகையோடு எழுதிச் சேர்க்கச் சொல்ல வேண்டும். மேலதிகக் கட்டணம் வரும். கட்டுங்கள்.

அந்தத் தொகையைக் குறைத்துச் சொல்லாதீர்கள். 1 கோடி ரூபா பெறுமதியான வீட்டை 50 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்திருந்தால், பாதிப் பெறுமதிக்குத்தான் காப்புறுதி என்று நட்டத்திலும் பாதிதான் தருவார்கள்: 20 இலட்சம் நட்டத்துக்கு 10 இலட்சம்தான் கிடைக்கும். 2022க்குப் பிறகு சிமெந்தும் கம்பியும் விற்ற விலையைப் பார்த்தவர்கள் பழைய தொகையையே வைத்திருக்கக்கூடாது.

எங்கள் கரையோர மண் மணல், தோண்டினால் சீக்கிரம் தண்ணீர். புதுத் தூணுக்குக் குழி வெட்டி மோட்டர் வைத்து இறைக்கும்போது தண்ணீரோடு மணலும் வரும், பக்கத்துச் சுவரின் அத்திவாரம் இறங்கும். அதிர்வு, தாங்குமண் சரிவு போன்றவற்றுக்காகப் பொலிசியில் தனியாகச் சேர்க்கும் பிரிவுகள் பெரும்பாலும் கட்டடம் முழுதாகவோ பகுதியாகவோ இடிந்தால்தான் பணம் தரும், வெடிப்புகளுக்குத் தராது. அதற்கும் வேலை தொடங்குமுன் கட்டடம் நல்ல நிலையில் இருந்ததைக் காட்டக் கேட்பார்கள். எனவே உங்கள் வீட்டுச் சுவர்களையும் அயலவர் சுவரையும் திகதி தெரியும்படி படமெடுத்து வையுங்கள். பழைய வெடிப்புக்குப் பக்கத்தில் ஓர் அடிமட்டத்தை வைத்து எடுத்தால் இன்னும் நல்லது. அயலவரையும் கூட வைத்துக்கொண்டு எடுத்தால் பின்னால் சண்டை வராது.

எங்கள் பகுதிக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. கீழ்வீடு மூத்த மகளுக்குச் சீதனமாக எழுதியாயிற்று, மேல்வீடு இளைய மகளுக்கு. கட்டுகிற காசு வாப்பாவுடையது அல்லது அப்பாவுடையது, பொலிசியும் அவர் பெயரில். காணி உறுதியில் மகளின் பெயர் இருக்க, நட்டஈடு கேட்பவர் தகப்பன் என்றால், இந்த வீட்டில் உங்களுக்கு என்ன உரித்து என்ற கேள்வி வரும். உறுதியில் உள்ளவரின் பெயரைப் பொலிசியில் சேர்த்துவிடுங்கள். வீடு வங்கியில் ஈடாக இருந்தால் அவர்களுக்கும் அறிவியுங்கள்.

முகவரிடம் போனில் சொன்னது போதாது. என்ன வேலை, எந்தத் திகதியிலிருந்து எதுவரை, யார் கொந்தராத்துக்காரர், கூரை கழற்றப்படுமா, வீட்டில் ஆட்கள் இருப்பார்களா, வெல்டிங் நடக்குமா என்று கடிதம் எழுதிக் காப்புறுதிக் கம்பனிக்குக் கொடுங்கள், பிரதியில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்குங்கள். சம்மதம் எழுத்தில் வந்த பிறகு முதல் ஓட்டைக் கழற்றச் சொல்லுங்கள். வேலை பிந்தும் என்று தெரிந்தால், சொன்ன திகதி முடியுமுன்பே காலநீடிப்புக் கேட்டு இன்னொரு கடிதம் கொடுங்கள்.