கூரைக்கு மேலே ஒரு சன்னல்

வேலூர்ப் பக்கத்து அரசு நடுநிலைப் பள்ளி ஆசிரியை ஒருவர் கேள்வி அனுப்பியிருக்கிறார். அவர்கள் பள்ளியின் மொட்டைமாடிக்குச் சுண்ணாம்பு அடிப்பது பற்றி ஊராட்சியில் பேச்சு நடக்கிறது. "வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பும் என்பது என் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கே தெரியும். என் சந்தேகம் வேறு. தை மாதத்தில் காலையில் வந்து பார்த்தால் சத்துணவுக் கூடத்தின் சிமென்ட் ஷீட்டிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. காற்றைவிட ஷீட் குளிர்ந்தால்தானே அதில் பனி படியும்? சுற்றிலும் உள்ள காற்றைவிட ஒரு பொருள் தானாக எப்படிக் குளிர முடியும்? அந்த வெப்பம் எங்கே போகிறது?"

கூரைக்கு வெள்ளையடிப்பது பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் முதல் வரியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இந்த ஆசிரியை நிறுத்தவில்லை. அவர் கேட்ட கேள்வியில்தான் வெள்ளைக் கூரையின் மறுபாதி இருக்கிறது.

கேள்வி வந்த நேரமும் பொருத்தமானது. 2023இல் ஜூன் முதல் வாரத்தில் திறக்க வேண்டிய தமிழகப் பள்ளிகள் வெயிலால் இருமுறை தள்ளிப்போய், 12ஆம் தேதி பெரிய வகுப்புகளுக்கும் 14ஆம் தேதி தொடக்க வகுப்புகளுக்கும் திறந்தன. 2024இலும் ஜூன் 6 என்பது ஜூன் 10 ஆனது. அதே ஆண்டு அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இதற்கு முன்பே நம் பள்ளிக் கூரைகள் மாறிவிட்டன. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் கீற்றுக் கூரை பற்றி எரிந்து 94 குழந்தைகள் மாண்டார்கள். அதன் பிறகு பள்ளிகளிலிருந்து கீற்று அகற்றப்பட்டது. அகற்றியே தீர வேண்டியிருந்தது; அதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை. கீற்றின் இடத்துக்குக் கான்கிரீட்டும் தகரமும் சிமென்ட் ஷீட்டும் வந்தன. அவை தீயிலிருந்து காக்கும், வெயிலிலிருந்து காக்காது.

கணக்கு எளியது. கோடையின் நடுப்பகலில் ஒரு சதுர மீட்டர் கூரை மீது ஏறத்தாழ 1,000 வாட் வெயில் விழுகிறது. 40 சதுர மீட்டர் வகுப்பறை என்றால் 40 கிலோவாட். மழையிலும் பாசியிலும் கறுத்துப்போன பழைய கான்கிரீட் இதில் 30 சதவீதம் அளவில்தான் திருப்பி அனுப்பும். மீதி 28 கிலோவாட்டை விழுங்கிவிடும். வெந்நீர் போடும் கெய்சர்கள் பதினான்கைக் கூரையில் வரிசையாக வைத்துப் போட்டுவிட்ட மாதிரி. அந்த வெப்பம் கான்கிரீட்டுக்குள் மெல்ல இறங்கி, உட்கூரைக்கு வந்துசேரச் சில மணி நேரம் பிடிக்கும். அதனால்தான் உச்சி வெயில் தணிந்த பிறகு, மதியம் மூன்று மணி வகுப்பில் தலைக்கு மேல் அனலடிக்கிறது. மின்விசிறி உட்கூரையை ஒட்டித் தேங்கிய சூடான காற்றை இழுத்துப் பிள்ளைகள் மேல் கொட்டுகிறது. புதிதாகச் சுண்ணாம்பு அடித்த தளமோ 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பும். அது விழுங்குவது 8 கிலோவாட்தான்.

இது ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தெரிந்த பாதி. இனி ஆசிரியையின் பாதி.

எல்லாப் பொருள்களும் ஒளிர்கின்றன. நீங்களும் நானும் பள்ளிச் சுவரும் சத்துணவுக் கூடத்து ஷீட்டும் இந்த நொடியில் ஒளிர்ந்துகொண்டுதான் இருக்கிறோம். அந்த ஒளி அகச்சிவப்பு என்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. 27 டிகிரி செல்சியஸில் இருக்கும் கூரை ஒரு சதுர மீட்டருக்கு 400 வாட்டுக்கு மேல் இப்படி வெளியே விடுகிறது. சாதாரணமாக இந்த இழப்பை நாம் உணர்வதில்லை. எதிரே இருக்கும் சுவரும் மரமும் கிட்டத்தட்ட அதே அளவைத் திருப்பித் தந்துவிடும். கொடுத்ததும் வாங்கியதும் சரியாகிவிடும். ஆனால் கூரைக்கு எதிரே சுவர் இல்லை, மரம் இல்லை. வானம் இருக்கிறது.

வானம் என்றால் காற்று. நைட்ரஜனும் ஆக்சிஜனும் இந்த அகச்சிவப்பைக் கண்டுகொள்வதே இல்லை. நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் அப்படியல்ல. ஒரு தம்புராவின் தந்தியை மீட்டினால் பக்கத்தில் அதே சுருதியில் இருக்கும் தந்தியும் தானாக அதிரும்; சுருதி சேராத தந்தி சும்மா இருக்கும். மூலக்கூறுகளும் அப்படித்தான். நீராவி மூலக்கூறு வளைந்து நிமிரும் அதிர்வின் சுருதி 6.3 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் அமைந்திருக்கிறது. கார்பன் டை ஆக்சைடின் வளைவதிர்வு 15 மைக்ரோமீட்டரில். அந்த அலைகளில் கூரை அனுப்பும் ஒளியை அவை வாங்கி, பாதியைக் கீழேயே திருப்பி விடுகின்றன. நடுவே, 8 முதல் 13 மைக்ரோமீட்டர் வரை, ஓசோன் 9.6ஐ ஒட்டிச் சிறிது மறைப்பதைத் தவிர, காற்றில் சுருதி சேர ஆள் இல்லை. அங்கே வானம் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கிறது. இதை வளிமண்டலச் சன்னல் என்கிறோம்.

என்னை ஒவ்வொரு முறையும் சிலிர்க்க வைப்பது அடுத்த கணக்கு. ஒரு பொருள் எந்த அலைநீளத்தில் மிகுதியாக ஒளிரும் என்பதை அதன் வெப்பநிலையே தீர்மானிக்கிறது. 2,898ஐ அந்த வெப்பநிலையின் கெல்வின் அளவால் (செல்சியஸோடு 273ஐக் கூட்டினால் கெல்வின்) வகுத்தால் மைக்ரோமீட்டரில் விடை கிடைக்கும். நம் கூரையின் வெப்பநிலை 300 கெல்வின். விடை 9.66. சன்னலுக்குள் வந்து விழுகிறது! கூரை மிகுதியாக வீசுகிற அலைகளுக்கு வானம் வழிவிட்டு நிற்கிறது. சன்னலுக்கு அப்பால் இருப்பது விண்வெளி, 3 கெல்வின் கடுங்குளிர். அது திருப்பித் தருவது எதுவும் இல்லை என்றே சொல்லலாம்.

ஆசிரியை கேட்ட வெப்பம் அங்கேதான் போகிறது. சத்துணவுக் கூடத்துக் கூரையிலிருந்து கிளம்பி, இடையில் எதுவும் தடுக்காவிட்டால் ஒன்றேகால் நொடியில் நிலாவின் தொலைவைத் தாண்டிவிடும். தெளிந்த, வறண்ட இரவில் கூரை நிகரமாக இழப்பது சதுர மீட்டருக்கு 60, 70 வாட். ஒரு வகுப்பறைத் தளத்துக்குக் கணக்கிட்டால் இரண்டரைக் கிலோவாட். ஒரு டன் ஏசி வெளியேற்றும் வெப்பம் மூன்றரைக் கிலோவாட் என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஏசி அறையின் வெப்பத்தைத் தெருவில் கொட்டுகிறது, அதற்கு மின்கட்டணமும் உண்டு. கூரை அதைப் பூமிக்கு வெளியே கொட்டுகிறது.

பனி மேலிருந்து இறங்குகிறது என்று என் பாட்டி நம்பினார். மார்கழி இரவில் துண்டு கட்டாமல் வாசலைத் தாண்ட விடமாட்டார். அவரிடம் சான்றும் இருந்தது. திறந்த வெளியில் புல் நனைந்திருக்கும், வேப்பமரத்தடியில் காய்ந்திருக்கும். மேலிருந்து விழாவிட்டால் மரத்தடி மட்டும் எப்படித் தப்பும்? கவனிப்பு மிகச் சரி, காரணம்தான் வேறு. லண்டன் மருத்துவர் வில்லியம் சார்லஸ் வெல்ஸ் சிறு குச்சிகளை நட்டுப் புல்லுக்கு மேலே ஒரு கைக்குட்டையைக் கட்டினார். கைக்குட்டைக்கு அடியில் இருந்த புல், பக்கத்துப் புல்லைவிடச் சூடாக இருந்தது. துணி மறைத்தது பனியை அன்று, வானத்தை. வானத்தைப் பார்க்கும் புல் வெப்பத்தை இழந்து குளிர்கிறது. பக்கத்துக் காற்றிலிருக்கும் ஈரம் அதன் மேல் படிகிறது. வெல்ஸ் இதை 1814இல் எழுதினார். அதற்கு முன்பே, 1775இல், ராபர்ட் பார்க்கர் என்பவர் அலகாபாத்தில் பனிக்கட்டி செய்த விதத்தை லண்டனுக்கு எழுதியிருந்தார். குழிகளில் காய்ந்த கரும்புத் தட்டையோ சோளத்தட்டையோ பரப்பி, அதன் மேல் ஆழமில்லாத மண் தட்டுகளில் தண்ணீர் ஊற்றி வைப்பார்கள். விடியுமுன் பனிக்கட்டியை எடுப்பார்கள். மண் தட்டின் கசிவும் கொஞ்சம் உதவியிருக்கும், பெரும் வேலை வானத்துடையது.

பகலிலும் சன்னல் திறந்தேதான் இருக்கிறது. வெயில் கொட்டும் வேகத்தில் நமக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். 2014இல் ஸ்டான்ஃபோர்டில் ஆஸ்வத் ராமனும் ஷான்ஹுய் ஃபானும் குழுவினரும் ஹாஃப்னியம் ஆக்சைடு, சிலிக்கா ஏடுகள் ஏழை அடுக்கி, நேர் வெயிலில் வைத்தே சுற்றுக் காற்றைவிட 4.9 டிகிரி குளிர வைத்துக் காட்டினார்கள். 2020இல் பர்டூ பல்கலைக்கழகத்தில் சியூலின் ருவானின் குழு இதை ஒரு பெயிண்டில் கொண்டுவந்தது; அது 95.5 சதவீத வெயிலைத் திருப்பியது. அதில் கலந்த பொடி என்ன தெரியுமா? கால்சியம் கார்பனேட்.

நம் சுண்ணாம்பு! கிளிஞ்சலைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்பைத் தளத்தில் பூசினால், அது காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடை இழுத்துக் கால்சியம் கார்பனேட்டாக இறுகுகிறது. கடைப் பெயிண்டில் சேர்க்கும் டைட்டானியம் டை ஆக்சைடு புறஊதாக் கதிர்களை விழுங்கும்; கார்பனேட் விழுங்காது. கார்பனேட்டுக்கு 11.4 மைக்ரோமீட்டரில் ஓர் அதிர்வு உண்டு, சன்னலின் உள்ளேயே; அதனால் அந்த அலையில் வெப்பத்தை வெளியே வீசவும் அதற்குத் தெரியும். நாம் அடிக்கும் சுண்ணாம்பு மெல்லிய பூச்சு, தூசும் படியும், எனவே அது பர்டூ பெயிண்டுக்கு ஈடாகாது. நடுப்பகலில் காற்றைவிடக் குளிராது. ஆனால் கறுத்த கான்கிரீட்டோடு ஒப்பிட்டால் தளத்தின் மேல் வெறுங்காலோடு நிற்கும்போதே வேறுபாடு தெரியும்.

பளபளக்கும் தகரத்தை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. புதுத் தகரமும் அலுமினியமும் வெயிலைத் திருப்பும், அகச்சிவப்பை வீசத் தெரியாது. வாங்கிய வெப்பம் சிறிதானாலும் வெளியேற வழியில்லாமல் அவை கொதிக்கும். அவற்றுக்கும் வெள்ளைப் பூச்சு வேண்டும். கூரைமேல் சூரிய மின்பலகை வைத்தால் நிழல் கிடைக்கும், மின்சாரமும் கிடைக்கும், ஆனால் அந்த இடத்தில் வானம் மறைந்துபோகும். மழைநீர்த் தொட்டி, மரம், எதிரெதிர்ச் சன்னல் எல்லாம் வேண்டியவையே. அவற்றைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள்.

கடலோரத்துக்கு ஒரு எச்சரிக்கை. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் மே மாத இரவுக் காற்றில் நீராவி மிகுதி. அது சன்னலை ஆவி படிந்த கண்ணாடியாக்கிவிடும். மேகம் வந்தால் சன்னலைச் சாத்தியே விடும். மூட்டமான இரவில் புழுங்குவது அதனால்தான். அங்கே பகல் பலன்தான் பெரிது. வேலூர், திருச்சி போன்ற வறண்ட உள்மாவட்டங்களில் இரண்டு பலனும் உண்டு.

தெலங்கானா 2023இலேயே குளிர்கூரைக்கென்று ஒரு கொள்கை வெளியிட்டது. கொள்கையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அளவீடு. எந்த ஊரில், எந்தக் கூரைக்கு, எத்தனை டிகிரி என்பதை நம் பள்ளிகளிலேயே அளக்க வேண்டும். பெரிய ஆய்வகங்களுக்குப் போகும் பணத்தில் துளியளவு போதும். ஒவ்வொரு பள்ளிக்கும் நான்கு நல்ல வெப்பமானிகளும், அவற்றைப் படித்து எழுத அறிவியல் ஆசிரியருக்கு நேரமும் கொடுத்துவிடலாம். இதைச் செய்யாமல் ஒரே பெயிண்டை மாநிலம் முழுதும் டெண்டர் விடுவது எனக்கு உடன்பாடில்லை.

ஆசிரியைக்கு: வடகிழக்குப் பருவமழை முடிந்து, பொங்கல் கழிந்த பிறகு அடியுங்கள், முன்னதாக அடித்தால் மழை கரைத்துவிடும். பாசியைத் தேய்த்துக் கழுவிவிட்டு, கஞ்சியோ பசையோ கலந்து, இரண்டு கை அடிக்க வேண்டும். ஆண்டுதோறும் திரும்ப அடிக்க வேண்டியிருக்கும். முதல் ஆண்டு ஒரே ஒரு வகுப்பறைக்கு மட்டும் அடித்து, பக்கத்து வகுப்பறையை அப்படியே விடுங்கள்; இரண்டின் உட்கூரையையும் மதியம் மூன்று மணிக்குப் பிள்ளைகள் அளக்கட்டும். அப்படியே ஒரு தெளிந்த இரவில் சத்துணவுக் கூடத்து ஷீட்டின் ஒரு மூலைக்கு மேலே, அரை அடி உயரத்தில், ஒரு துணியை இழுத்துக் கட்டிவையுங்கள். காலை ஐந்தரை மணிக்குத் துணிக்கு அடியிலும் திறந்த பக்கத்திலும் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மேகம் மூடிய இரவிலும் ஒரு முறை செய்துவிட்டு, இரண்டையும் எனக்கு எழுதுங்கள்.