சரணாலயம்: புகுந்தவர் சொல்லா, காப்பவர் சொல்லா?

வேடந்தாங்கல் பறவைகளுக்கு, முதுமலை யானைக்கும் புலிக்கும், கரூர் – திண்டுக்கல் எல்லையில் இருக்கும் கடவூர் தேவாங்குக்கு. மூன்றுக்கும் பொதுவாக நாம் வைத்திருக்கும் பெயர் சரணாலயம். செய்தித்தாள், பாடப்புத்தகம், வனத்துறைப் பலகை என எங்கு பார்த்தாலும் இந்தச் சொல்தான். பழகிப்போனதால் பிரித்துப் பார்க்கத் தோன்றுவதில்லை. பிரித்தால் சரணம், ஆலயம் என்று இரண்டு வடசொற்கள். அடைக்கலம் தரும் இருப்பிடம் என்பது நேர்ப்பொருள்.

சரணம் என்பதில் ஒரு சின்ன சிக்கல் இருக்கிறது. வடமொழியில் இது இரண்டு தனித்தனிச் சொற்கள். ஒன்றுக்கு அடைக்கலம் என்று பொருள், இன்னொன்றுக்குக் கால், பாதம் என்று பொருள். முதலெழுத்து வடமொழியில் வேறு வேறு. தமிழ் எழுத்தில் இரண்டுமே 'ச' ஆகிவிட்டன. கீர்த்தனையில் பல்லவி, அனுபல்லவிக்குப் பிறகு வரும் சரணம் பாதத்தைக் குறிக்கும் சொல். 'ஐயப்ப சரணம்' என்பது அடைக்கலச் சொல். பக்தியில் காலில் விழுவதும் அடைக்கலம் கேட்பதும் ஒரே செயல் என்பதால் இந்தக் கலப்பு யாரையும் உறுத்தவில்லை. நம்மாழ்வார் இரண்டையும் தமிழிலேயே ஒரே அடியில் வைத்துப் பாடியிருக்கிறார்: 'புகல் ஒன்று இல்லா அடியேன் உன் அடிக்கீழ் அமர்ந்து புகுந்தேனே'. அடி ஒரு சரணம், புகல் இன்னொரு சரணம். இந்த வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், தமிழ்ச் சொல் தேடும்போது உதவும்.

இன்றைய பேச்சில் சரண் என்றால் முதலில் நினைவுக்கு வருவது நீதிமன்றத்தில் சரணடைந்தவர்தான். தப்பி ஓடியவர் தானாக வந்து பிடிபடுவது. காட்டில் வாழும் யானைக்கும் இந்தப் பொருளுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

அடுத்தது ஆலயம். 'ஆன்மா லயிக்கும் இடம் ஆலயம்' என்று மேடைகளில் சொல்வார்கள். கேட்க அழகாக இருக்கும், ஆனால் சொல் அப்படிப் பிறக்கவில்லை. ஒட்டிக்கொள்ளுதல், தங்குதல் என்ற பொருள் தரும் வினையிலிருந்து வந்தது அது. வெறும் இருப்பிடம், அவ்வளவுதான். இமாலயம் பனியின் இருப்பிடம், வித்யாலயம் கல்வியின் இருப்பிடம். தமிழில்தான் ஔவையாரின் 'ஆலயம் தொழுவது சாலவும் நன்று' காலத்திலிருந்தாவது அது கோயிலாகச் சுருங்கிவிட்டது. அதனால் சரணாலயம் என்ற பலகையைப் பார்க்கும்போது லேசாகக் கற்பூர வாசனை வருகிறது. சொல்லில் இல்லாத வாசனை அது, நம் காதில் இருப்பது.

ஆங்கிலத்தில் பயணம் நேர் எதிர்த்திசையில் நடந்தது. சாங்சுவரி என்ற சொல் புனிதம் என்ற பொருளுள்ள இலத்தீன் சொல்லிலிருந்து வருகிறது. முதலில் கோயிலின் கருவறைப் பகுதி. அப்புறம், குற்றவாளி தேவாலயத்துக்குள் ஓடி நுழைந்துவிட்டால் காவலர்கள் உள்ளே வந்து பிடிக்கக் கூடாது என்ற இடைக்கால உரிமை. இங்கிலாந்தில் அந்த உரிமையை 17-ஆம் நூற்றாண்டில் சட்டம் போட்டு ஒழித்தார்கள். உரிமை போனாலும் அடைக்கலம் என்ற பொருள் தங்கிவிட்டது. பின்னாளில் பறவைக்கும் விலங்குக்கும் அதையே நீட்டினார்கள். தமிழுக்கு அதைக் கொண்டுவந்தவர் புனிதத்தை விட்டுவிட்டு அடைக்கலத்தை எடுத்துக்கொண்டது சரியான முடிவு. ஆலயம் பின்வாசல் வழியாகப் புனிதத்தைத் திரும்பக் கொண்டுவந்தது அவர் குற்றமில்லை.

அண்டை மொழிகள் வேறு வழி போயின. இந்தியிலும் தெலுங்கிலும் அபயாரண்யம்: அஞ்சாமல் வாழக்கூடிய காடு. இது பழைய கருத்து. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்தில் அபயவனம் என்றே வருகிறது. அங்கே வாழும் விலங்கையும் பறவையையும் மீனையும் பிடித்தாலோ கொன்றாலோ உச்சபட்சத் தண்டனை. மலையாளத்தில் வன்யஜீவி சங்கேதம். நமக்குச் சங்கேதம் என்றால் ரகசிய மொழி, அவர்களுக்கு அது இடம். இடைக்காலக் கேரளத்தில் கோயிலின் தனி ஆட்சிக்கு உட்பட்ட நிலப்பகுதிக்கும் சங்கேதம் என்றுதான் பெயர்.

சரி, சொல்லின் பூர்வீகம் இது. அரசாங்கக் காகிதத்தில் இதற்கு என்ன பொருள்? 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 18-ஆம் பிரிவில் தொடங்குகிறது. சூழல், விலங்கு, தாவரம் ஆகியவற்றால் முக்கியமான ஓர் இடத்தைச் சரணாலயமாக்கப் போவதாக மாநில அரசு அறிவிக்கலாம். அறிவித்ததும் மாவட்ட ஆட்சியர் அங்கே யாருக்கு என்ன உரிமை இருக்கிறது என்று விசாரிக்க வேண்டும்: பட்டா நிலம், மேய்ச்சல், நடைபாதை எல்லாம். முக்கியமான இடம் இதுதான். சரணாலயத்துக்குள் சில உரிமைகள் தொடர ஆட்சியர் அனுமதிக்கலாம். கால்நடை மேய்ச்சலையும் ஒழுங்குபடுத்தி அனுமதிக்க வழி உண்டு. தேசியப் பூங்காவில் அது முடியாது. அங்கே உரிமைகள் எல்லாம் அரசுக்குப் போய்விடும், மேய்ச்சல் கிடையாது. சென்னை நடுவே சுமார் 2.7 சதுர கிலோமீட்டர்தான் இருக்கும் கிண்டி, தேசியப் பூங்கா. பரப்பில் பெரிதா சிறிதா என்பதை வைத்து இந்தப் பெயர்கள் அமைவதில்லை.

பூங்கா என்ற சொல்லும் பாவம். பூவும் காவும் சேர்ந்தது அது. திருவானைக்காவில் உள்ள அதே கா, சோலை என்று பொருள். ஆனால் இன்று பூங்கா என்றால் ஊஞ்சலும் சறுக்கு மரமும். வண்டலூர் உயிரியல் பூங்காவும் கிண்டி தேசியப் பூங்காவும் ஒரே மாதிரி இடம் என்று நினைப்பவர்கள் ஏராளம். ஒன்றில் விலங்கு கூண்டிலும் அடைப்பிலும் இருக்கிறது, மற்றதில் அது தன் வீட்டில் இருக்கிறது.

சரணாலயத்தை நிர்வகிப்பவருக்குச் சட்டம் வைத்த பதவியின் தமிழ்ப் பெயர் தலைமை வன உயிரினக் காப்பாளர். 33-ஆம் பிரிவின்படி சாலை, பாலம், வேலி, கட்டடம் எது வேண்டும், எது வேண்டாம் என்பது அவர் பொறுப்பு. அவருக்குக் கீழே வனச்சரகர், வனவர், வனக்காப்பாளர், வனக்காவலர், வேட்டைத் தடுப்புக் காவலர். இந்தப் பெயர்களில் திரும்பத் திரும்ப வரும் வேரைப் பாருங்கள்: கா. காத்தல், காப்பு, காவல். சரணாலயமோ அந்தப் பக்கத்துச் சொல்லே அல்ல. அது உள்ளே வந்தவரின் சொல். நிலத்தின் பெயர் அடைக்கலம் கேட்டவர் வாயிலிருந்தும், ஆட்களின் பெயர் காவல் காப்பவர் வாயிலிருந்தும் வந்திருக்கின்றன. தமிழ்ச் சொல் தேடும்போது இந்த இரண்டில் எந்தப் பக்கம் நிற்பது என்பதுதான் கேள்வி.

காப்பவர் பக்கத்தில் முதலில் காப்புக்காடு. ஊர் எல்லையில் மஞ்சள் பலகையில் நாம் பார்ப்பது. சென்னைக்குத் தெற்கே நன்மங்கலம் காப்புக்காடு ஓர் உதாரணம். இதன் பின்னால் இருப்பது 1882-ஆம் ஆண்டு மெட்ராஸ் வனச் சட்டம். அன்று காப்பு என்றது பெரும்பாலும் மரத்துக்கு, அதுவும் அரசாங்கத்தின் மரத்துக்கு. மானுக்கு அல்ல. இன்னும் பழையது காவற்காடு, மிளை. கோட்டையைச் சுற்றி எதிரி நுழையாமலிருக்க வளர்த்த காடு. 'அணிநிழற் காடும் உடைய தரண்' என்று குறள் சொல்வது அதைத்தான். அங்கே காடு காவல் காக்கிறது, காடு காக்கப்படவில்லை. இரண்டுமே நமக்கு ஒத்துவராது.

காப்பகம் என்றால் என்ன என்று கேட்பீர்கள். நல்ல சொல், ஆனால் ஏற்கெனவே ஆள் குடியேறிய வீடு. புலிகள் காப்பகம், உயிர்க்கோளக் காப்பகம் என்று வேறு வகைகளுக்கு அதைக் கொடுத்தாயிற்று. பாக் நீரிணையில் 2022-இல் 448 சதுர கிலோமீட்டரில் அறிவித்த கடற்பசு பாதுகாப்பகமும் இன்னொரு வகை. முதுமலை 1940-இலிருந்து சரணாலயம், 2007-இல் புலிகள் காப்பகமும் ஆனது. ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்தால் எது எப்போது என்று யாருக்கும் புரியாது.

புகுந்தவர் பக்கத்துக்கு வருவோம். நம்மாழ்வார் கொடுத்த புகல் இங்கே காத்திருக்கிறது. பருந்துக்குத் தப்பி அரசனிடம் வந்த புறாவைப் புறநானூறு 'தன்னகம் புக்க குறுநடைப் புறவின்' என்று பாடுகிறது. பறவை, துரத்தல், புகுதல் மூன்றும் அடுத்தடுத்த அடிகளில். சரணாலயத்துக்கு நேரான தமிழ் புகலிடம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. அடைக்கலம் இன்னொரு வேட்பாளர். வீட்டுக்குள் கூடு கட்டும் சிட்டுக்குருவிக்கு அடைக்கலங்குருவி என்றே பெயர் இருக்கிறதே என்று வாதாடலாம். ஆனால் சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் அடைக்கலமாகக் கொடுப்பது போல, அங்கே ஒப்படைப்பவர் ஒருவர், பொறுப்பேற்பவர் ஒருவர் என்று மனிதர்கள் முன்னால் வருகிறார்கள். அது உறவின் பெயர். இடத்தின் பெயர் புகலிடம்.

வேடந்தாங்கலில் இந்த இரண்டு பக்கமும் சந்திக்கின்றன. தாங்கல் என்றால் சிறிய ஏரி, பழவந்தாங்கலில் இருப்பதும் அதுவே. வேடன் பெயரில் உள்ள ஏரி பறவைகளின் புகலிடமானதை யாரும் திட்டமிடவில்லை. சுமார் 30 ஹெக்டேர் ஏரி; நீரில் நிற்கும் கடம்ப மரங்களில் நத்தைகுத்தி நாரையும் அரிவாள்மூக்கனும் கூழைக்கடாவும் கூடு வைக்கும். எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரம். அதனால் ஊர்க்காரர்களே பறவைகளைக் காத்தார்கள், சுடுபவர்களைப் பற்றி முறையிட்டார்கள். 1798-இல் செங்கல்பட்டு ஆட்சியர் லயனல் பிளேஸ் அந்த உரிமைக்குக் கவுல் எழுதிக் கொடுத்தார். கவுல் அரபு வழி வந்த சொல், வாக்குறுதிப் பத்திரம் என்று பொருள். 1936-இல் அரசு சரணாலயமாக ஏற்றது. 1998 அறிவிக்கையில் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் சேர்ந்தது. வயலும் ஊரும் அதற்குள்ளேயே இருக்கின்றன. 2020-இல் அந்த வட்டத்தைச் சுருக்கும் யோசனை வந்தபோது கடும் எதிர்ப்பு கிளம்பியது. பலருக்கு அப்போதுதான் ஏரி மட்டும் சரணாலயம் அல்ல என்றே தெரிந்தது. புகலிடம் என்று சொன்னால் மரத்தைத்தான் நினைக்கிறோம். சட்டமோ இரை தேடும் வயலையும் சேர்த்து நினைக்கிறது.

சரணாலயத்துக்குள் நெடுஞ்சாலை போனால்? 27-ஆம் பிரிவு உள்ளே வரக்கூடியவர்களைப் பட்டியலிடுகிறது: பணியில் இருக்கும் அரசு ஊழியர், அனுமதி பெற்றவர், உள்ளே சொத்துரிமை உள்ளவர், பொதுச் சாலை வழியே கடந்து செல்பவர். கடந்து செல்ல அனுமதிச் சீட்டு வேண்டாம். ஆனால் கடந்து செல்வது என்றால் கடந்து செல்வதுதான். முதுமலையில் தெப்பக்காடு சாலையோரம் வண்டியை நிறுத்திப் புளியோதரைப் பொட்டலம் பிரிப்பது அதில் அடங்காது. விலங்கைச் சீண்டுவதும் குப்பை போடுவதும் அதே பிரிவில் தனியாகத் தடை செய்யப்பட்டிருக்கின்றன. குரங்குக்குச் சிப்ஸ் போடுபவர் புண்ணியம் சேர்ப்பதாக நினைக்கிறார். ஆலயம் என்ற சொல்லின் வேலையாகவும் இருக்கலாம்! மலைச்சாலைகளில் வண்டி நிறுத்திப் பார்க்கவென்றே ஒதுக்கிய இடத்துக்குக் காட்சி முனை என்ற நல்ல பெயர் இருக்கிறது. அங்கே நிற்கலாம்.

நடந்து போகிறவர்களுக்குப் பாதைகளின் பெயரும் தெரிந்திருக்க வேண்டும். ஒற்றையடிப் பாதை மனிதனுடையது, வலசைப் பாதையும் வழித்தடமும் யானையுடையவை. குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று காட்டுத்தீயில் இருபதுக்கும் மேற்பட்ட மலையேற்றப் பயணிகள் இறந்த பிறகு, அதே ஆண்டு தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை 14 மாவட்டங்களில் 40 பாதைகளைத் திறந்தது. இணையத்தில் பதிவு செய்து, உள்ளூர் வழிகாட்டியோடுதான் போக முடியும். திட்டத்தின் பெயர் ட்ரெக் தமிழ்நாடு. மலையேற்றம் என்ற சொல் கையருகே இருக்கும்போது எதற்கு இது என்று எனக்குப் புரியவில்லை.

இலங்கையிலும் தமிழில் சரணாலயம்தான். 1937-ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் அங்கே அடிப்படை. தனியார் நிலமும் சரணாலயத்துக்குள் அமையலாம். 1938-இல் பறவைகள் சரணாலயமான சுண்டிக்குளம் 2015-இல் தேசியப் பூங்கா ஆனது. நாம் வனவிலங்கு என்பதை அவர்கள் வனசீவராசிகள் என்கிறார்கள். அது நம் சொல்லைவிடச் சரியானது, ஏனென்றால் பறவையும் பூச்சியும் அதில் அடங்கும். நம் 1972 சட்டத்தின் வரையறையில் தாவரமும் சேர்த்தி. சூழலியல் எழுத்தாளர் தியடோர் பாஸ்கரன் போன்றவர்கள் வலியுறுத்திய காட்டுயிர் என்ற சொல் இவை எல்லாவற்றையும் ஐந்து எழுத்தில் அடக்கிவிடுகிறது.

அதனால் அரசு அறிவித்த பெயரை எழுதும்போது சரணாலயம் என்றே எழுதலாம். பெயரை மாற்றினால் எந்த இடம் என்று தெரியாமல் போகும். பொதுவாகப் பேசும் இடத்தில் காட்டுயிர்ப் புகலிடம், பறவைப் புகலிடம் என்று எழுதுங்கள். இரண்டிலும் ப் மிகும். பறவைகள் புகலிடம் என்று பன்மையில் எழுதினால் மிகாது.